டெப்பில் ஹொட்மெயில் வருவதில்லை, கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது

கொக்குவில் வாத்தியார் (4 ஒக்டோபர் 2024)

வணக்கம். நான் பென்சன் எடுத்த ஆசிரியர், கணினி ஆள் அல்ல. பிழையாக எதையும் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஏழு அங்குல அன்ட்ரொய்ட் டெப் ஒன்று உண்டு. 2015இல் ரொறன்ரோவில் இருந்து தம்பி அனுப்பியது. அமைப்புகளில் அன்ட்ரொய்ட் 5.1 என்று காட்டுகிறது. மின்னஞ்சல் பார்ப்பதெல்லாம் இதில்தான். கைத்தொலைபேசித் திரையில் எழுத்து எனக்குப் பிடிபடாது. முகவரி ஹொட்மெயில். யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்து அடுத்த வருடம், 2003இல், ஆஸ்பத்திரி வீதி நெற் கபேயில் மணித்தியாலக் காசு கொடுத்துத் திறந்தது.

செப்டெம்பர் நடுவில் இருந்து புதுக் கடிதம் ஒன்றும் இறங்கவில்லை. கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கடவுச்சொல் கேட்கிறது. போட்டால் பிழை என்கிறது. அதே கடவுச்சொல்லைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மடிக்கணினியில் போட்டால் நேரே உள்ளே போகிறது! முதலில் இணைப்பில் பிழை என்று நினைத்து ரூட்டரை நிறுத்தி நிறுத்திப் போட்டேன். பிறகு ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பொடியன் பார்த்த உடனேயே “ரீசெற் அடிச்சால் சரி” என்றான். மனம் கேட்கவில்லை, திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தம்பி காணி விடயமாக அற்றோணி (தனக்காகச் செயற்பட எனக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) எழுதி அதன் பிரதியை மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். நொத்தாரிசு இரண்டு தரம் கேட்டுவிட்டார். என்ன செய்யலாம்?

திருநெல்வேலி 94

சிம்பிள். கணக்கை டெப்பில் இருந்து அழித்துவிட்டுத் திரும்பச் சேருங்கள். எனக்கு ஜிமெயில் இப்படித்தான் நின்றது. இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்து அப் பாஸ்வேர்ட் (செயலிக்கென்று தனியாக எடுக்கிற கடவுச்சொல்) ஒன்று எடுத்துக் கொடுத்தேன். இன்றுவரைக்கும் ஓடுகிறது.

நெல்லியடிச் சந்தி

ஐயா, பொறுங்கோ. கணக்கை அழிக்க வேண்டாம். ரீசெற்றும் வேண்டவே வேண்டாம், டெப்பில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும்.

முதலில் காரணம். உங்கள் டெப்பிலும் பிழை இல்லை, கடவுச்சொல்லிலும் பிழை இல்லை. 2024 செப்டெம்பர் 16 முதல் ஹொட்மெயில், அவுட்லுக் தனிநபர் கணக்குகளுக்கு வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே வருகிற பழைய முறையை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்தார்கள். ஆனால் அந்த அறிவித்தல் எங்கள் ஆட்கள் எத்தனை பேரின் கண்ணில் பட்டிருக்கும்? இனிமேல் மெயில் செயலி ‘ஓஆத்’ என்ற முறையில் வரவேண்டும். உங்கள் டெப்போடு வந்த செயலிக்கு அது தெரியாது. அது பழையபடி கடவுச்சொல்லை நீட்டுகிறது, அங்கே வாங்க ஆள் இல்லை.

நீங்களே அற்றோணி என்றீர்கள், அதை வைத்தே சொல்கிறேன். முன்பு ஒவ்வொரு செயலிக்கும் காணி உறுதியையே கையில் கொடுத்து வைத்திருந்தோம். இப்போது உறுதி உங்கள் அலுமாரியில் இருக்கும். செயலி உங்களை மைக்ரோசொப்ட்டின் வாசலுக்குக் கூட்டிக்கொண்டுபோகும். நீங்களே கையெழுத்து வைத்து, “கடிதம் பார்க்க மட்டும் இவருக்கு அனுமதி” என்று ஓர் அற்றோணி கொடுப்பீர்கள். பிடிக்காவிட்டால் நாளைக்கே ரத்துச் செய்யலாம். கடவுச்சொல் செயலியின் கைக்குப் போகாது.

திருநெல்வேலித் தம்பி சொன்னது ஜிமெயிலுக்குச் சரி. கூகிள் 2022 மே 30இல் பழைய முறையை நிறுத்தியபோதும் அப் பாஸ்வேர்டை விட்டுவைத்தது. ஹொட்மெயிலில் இப்போது அதுவும் எடுபடாது.

இனி ஒரு கேள்வி, இதுதான் முக்கியம். அந்தக் கணக்கின் அமைப்பில் பொப் என்று இருக்கிறதா, ஐமப் என்று இருக்கிறதா? இரண்டும் கடிதத்தை எடுக்கிற முறைகள். ஐமப் என்றால் கடிதங்கள் மைக்ரோசொப்ட்டின் சேவரிலேயே இருக்கும். பொப் என்றால் டெப்புக்கு இறங்கியதும் சேவரில் அழிந்திருக்கக்கூடும். அப்போது கணக்கை அழித்தால் டெப்பில் உள்ளதும் போய்விடும், வேறு எங்கும் பிரதி இராது.

கொக்குவில் வாத்தியார்

பொப் என்றுதான் இருக்கிறது. பக்கத்து வீட்டு மடிக்கணினியில் மறுபடி பார்த்தேன். 2019க்கு முந்திய கடிதம் ஒன்றும் அங்கே இல்லை. டெப்பில் 2015இல் இருந்தே இருக்கிறது. அம்மாவின் மறைவுக்குப் பின் நடந்த அந்திரட்டிச் சடங்கின் படங்களைத் தம்பிக்கு அனுப்பி, அவன் ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதித் திருப்பி அனுப்பியதும் அதற்குள்தான். அழித்திருந்தால்? நினைக்கவே கை நடுங்குகிறது.

திருநெல்வேலி 94

மன்னித்துக்கொள்ளுங்கள் சேர். பொப் பற்றி நான் யோசிக்கவில்லை.

சுண்டுக்குளிக் காகம்

இது சேர்ட்டிபிக்கற் (தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ்) பிரச்சினை. அன்ட்ரொய்ட் 7.1க்குக் கீழே உள்ளதெல்லாம் செப்டெம்பர் 30உடன் சரி. என் பழைய போனிலும் அன்றிலிருந்து பாதித் தளங்கள் திறப்பதில்லை.

நெல்லியடிச் சந்தி

காகம் சொல்வது உண்மைதான், ஆனால் அது வேறு கதை. இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் சான்றிதழை வைத்திருக்கும் தளங்களுக்கு, பழைய அன்ட்ரொய்டுகளைத் தாங்கிப் பிடித்த இணைப்புச் சான்று செப்டெம்பர் 30இல் முடிந்தது. ஹொட்மெயில் அந்தச் சான்றிதழில் ஓடவில்லை. சான்றிதழ்ப் பிழை என்றால் “இணைப்பு பாதுகாப்பானது அல்ல” என்று வரும், கடவுச்சொல் கேட்காது. இரண்டும் ஒரே மாதத்தில் வந்து விழுந்ததால் கனபேர் குழம்பிப்போனார்கள்.

சரி, ஐயா, இனி வேலைக்கு வருவோம். முதலில் டெப்பில் உள்ளதைக் காப்பாற்றுங்கள். படங்கள், இணைப்புகள் ஒவ்வொன்றையும் அழுத்திச் ‘சேமி’ கொடுத்தால் டவுன்லோட்ஸ் கோப்புறைக்குப் போகும். கடிதத்தின் மெனுவில் ‘அச்சிடு’ இருந்தால் அச்சுப்பொறிக்குப் பதிலாகப் பிடிஎப் ஆகச் சேமிக்கலாம். இல்லாவிட்டால் ஸ்கிரீன் ஷொட்தான் வழி. பிறகு எல்லாவற்றையும் வயர் போட்டு மடிக்கணினிக்கு மாற்றுங்கள். அவசரப்பட வேண்டாம், ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள்.

அடுத்து பிளே ஸ்டோரில் கே-9 மெயில் எடுங்கள். இலவசம். அன்ட்ரொய்ட் 5இலும் ஓடும், 2022இலிருந்து ஓஆத் தெரிந்தது. முகவரியைக் கொடுத்தால் மிச்ச விபரத்தைத் தானே எடுத்துக்கொண்டு, உள்நுழைய உலாவியைத் திறக்கும். அங்கேதான் சில்லெடுப்பு. அன்ட்ரொய்ட் 5இல் குரோம் 95ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. என் மாமாவின் டெப்பில் மைக்ரோசொப்ட் பக்கம் வெள்ளையாகத் திறந்து அப்படியே நின்றது. பயர்பொக்ஸ் இந்த 2024இலும் 5க்குப் புதுப்பதிப்புத் தந்திருக்கிறது. அதைப் போட்டு இயல்பு உலாவியாக மாற்றிவிட்டுப் பிறகு கே-9ஐத் திறவுங்கள்.

இன்னொன்று. உள்நுழையும்போது மைக்ரோசொப்ட் குறியீடு அனுப்பவா என்று கேட்டு, நீங்கள் எப்போதோ கொடுத்த பழைய இலக்கத்தின் கடைசி இரண்டு எண்ணைக் காட்டும். அந்த இலக்கம் இப்போது உங்களிடம் இல்லாவிட்டாலும் “இவை எதுவும் என்னிடம் இல்லை” என்பதை அழுத்திவிடாதீர்கள். பாதுகாப்பு விபரம் முழுவதையும் மாற்றப் போனால் 30 நாள் காத்திருக்கச் சொல்வார்கள். நொத்தாரிசு அவ்வளவு நாள் பொறுக்கமாட்டார்.

வடமராட்சிப் பழசு

வாத்தியாரிடம் டெப் ஆவது இருக்கிறது! நான் இன்னும் ஐபாக் என்ற பழைய கையடக்கக் கணினி வைத்திருக்கிறேன், பொக்கற் பிசி 2003. பற்றரி முழுதாக இறங்கினால் உள்ளே போட்டதெல்லாம் அழிந்துபோகிற காலத்துச் சாமான். எழுத்தாணியால் கிறுக்குகிற சுகம் இன்றைய கண்ணாடிகளில் இல்லை என்று சொன்னால் பெடியள் சிரிக்கிறார்கள். இதில் ஹொட்மெயில் பார்க்க வழி உண்டா?

நெல்லியடிச் சந்தி

நேரே இல்லை அண்ணை. அதன் உலாவியில் அந்த உள்நுழைவுப் பக்கம் திறக்காது. வீட்டில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்று இருந்தால் அதில் ஈமெயில் ஓஆத் 2.0 புரொக்சி என்ற இலவச மென்பொருளை ஓட விடலாம். அது வெளியே புது முறையில் கதைத்து, உள்ளே உங்கள் ஐபாக்குக்குப் பழைய முறையில் கொடுக்கும். வீட்டு வலையமைப்புக்கு வெளியே திறந்து வைக்காதீர்கள், அது மட்டும்தான். விருப்பம் என்றால் தனி இழை திறவுங்கள், படிப்படியாகச் சொல்கிறேன்.

கொக்குவில் வாத்தியார் (7 ஒக்டோபர் 2024)

மூன்று நாளாகப் போய்விட்டது. சனிக்கிழமை முழுக்கப் படங்களையும் கடிதங்களையும் சேமித்தேன். இடையில் கரண்ட் போனதால் ஞாயிறும் இழுத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை மடிக்கணினிக்கு மாற்றித் தந்து, ஒரு பென் டிரைவிலும் போட்டுத் தந்தாள்.

குரோமில் நீங்கள் சொன்னபடியே வெள்ளைப் பக்கம்தான். பயர்பொக்ஸில் திறந்தது. இலக்கத்தின் கடைசி 46 என்று காட்டியது. யாருடையது என்று பத்து நிமிடம் யோசித்தேன். மூத்த மகள் கம்பசில் படித்த காலத்து இலக்கம்! அவளிடம் இன்னும் அதே சிம் இருக்கிறது. மட்டக்களப்புக்குப் போன் எடுத்துக் குறியீட்டை வாங்கிப் போட்டேன். 63 கடிதங்கள் ஒன்றாக வந்து விழுந்தன. அற்றோணிப் பிரதி செப்டெம்பர் 21இலேயே வந்து கிடந்திருக்கிறது. அதற்குக் கீழே தம்பி, “அண்ணை கிடைச்சுதோ? ஏன் பதில் இல்லை? கோபமோ?” என்று மூன்று தரம் எழுதியிருக்கிறான். இரவு அவனோடு கதைத்துவிட்டேன்.

ஒரேயொரு கேள்வி மிச்சம். பழைய செயலி இன்னும் கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதை என்ன செய்வது?

நெல்லியடிச் சந்தி

அதில் உள்ள கடிதங்கள் அங்கேயே இருக்கட்டும் ஐயா. அந்தச் செயலியின் அமைப்புக்குள் போய் ஒத்திசைவு இடைவெளியை ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று மாற்றிவிடுங்கள். பிறகு கேட்காது.

கொக்குவில் வாத்தியார்

மாற்றினேன். அரை மணித்தியாலமாகச் சத்தம் இல்லை.