தோட்டத்து வீட்டுக்கு .32 ரிவால்வரா, அஷானி பிஸ்டலா?

சாளைக்காரன்:
காங்கேயம் பக்கம் தோட்டம். ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி எங்கள் சாளை, அதாவது தோட்டத்து வீடு. அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள். எனக்குக் கோவையில் வேலை, வாரத்தில் மூன்று நாள்தான் வீட்டில் இருப்பேன். கொங்குப் பக்கம் தனி வீடுகளில் இருந்த வயதானவர்களை வீடு புகுந்த கொள்ளையர்கள் கொன்றதை எல்லோரும் படித்திருப்பீர்கள், அதைத் திரும்ப எழுதவில்லை.

பதினான்கு மாதம் அலைந்து கைத்துப்பாக்கிக்கு உரிமம் வாங்கிவிட்டேன். 9 மிமீ, .38 போன்ற தோட்டா அளவுகள் நம்மைப் போன்ற பொதுமக்களுக்குக் கிடையாது என்பதால் .32 அளவுதான். பட்டியலில் இரண்டு: அரசுத் தொழிற்சாலையின் கான்பூர் ரிவால்வர் மார்க் 3, அஷானி பிஸ்டல். வீட்டுக் காவலுக்கும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) சுட்டுப் பழகவும் வேண்டும். இரண்டு வாங்கக் காசு இல்லை. எதை எடுக்கலாம்?

முன்னாள் சுபேதார்:
ரிவால்வர். யோசிக்கவே வேண்டாம் தம்பி.

இருபத்தாறு வருடம் துப்பாக்கியோடு வாழ்ந்தவன் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு நாய் குரைக்கும்போது உங்கள் மூளை பாதி தூக்கத்தில் இருக்கும். பிஸ்டல் என்றால் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) உள்ளே இருக்கிறதா, சேம்பரில் (குழலின் பின் அறையில்) ரவுண்டு இருக்கிறதா, சேஃப்டி எந்தப் பக்கம் என்று மூன்று கேள்வி. ரிவால்வரில் ஒரே வேலை, ட்ரிகரை இழுப்பது. ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி இழுங்கள், உருளை சுற்றி அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டல் சிக்கினால் ஸ்லைடை, அதாவது மேலே நகரும் பாகத்தை, இழுத்து, தட்டி, மறுபடி ஏற்றி... அதற்குள் வந்தவன் உங்கள் கட்டிலுக்கு வந்துவிடுவான்.

பத்தாம்வட்டம்:
சுபேதார் ஐயா சொல்வது பாதி சரி. மீதியைச் சொல்கிறேன்.

அந்த ரிவால்வரின் டபுள் ஆக்‌ஷன் இழுப்பை, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தியலையும் சேர்த்தே இழுக்கும் ட்ரிகர் இழுப்பை, யாராவது கையில் வைத்துப் பார்த்தீர்களா? கிணற்றில் தண்ணீர் சேந்துவது மாதிரி. மூன்று அங்குலக் குழல், அசையாத சின்ன சைட். 25 மீட்டரில் பழகாத கை சுட்டால் அட்டையில் பட்டதே புண்ணியம். அஷானியில் முதல் ரவுண்டை ஏற்றிவிட்டால் அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி குறுகிய இழுப்பு. குழல் கையோடு ஒட்டித் தாழ்வாக இருக்கும், மேகசினில் எட்டு. தட்டையாக இருப்பதால் வைக்கவும் எளிது. மாதம் இரண்டு முறை ரேஞ்சுக்குப் போகிறவர் ரிவால்வர் வாங்கினால் மூன்றாவது மாதம் போகவே மாட்டார். பழகாத துப்பாக்கி வீட்டில் இருந்து என்ன பயன்?

இன்னொன்று. இரண்டுக்கும் பெயரில் .32 இருப்பதால் ஒரே தோட்டா என்று நினைத்துவிடாதீர்கள். ரிவால்வருக்கு .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், அஷானிக்கு .32 ஏசிபி. ஒன்றின் தோட்டா மற்றதற்கு ஆகாது. முதலாவது 1896 சரக்கு, இரண்டாவது ஜான் பிரௌனிங் 1899இல் கொண்டுவந்தது. நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய இரண்டு தோட்டாக்களுக்கு நடுவில்தான் இன்றைக்கும் நம் ஊரில் பட்டிமன்றம்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒலிம்பிக் பாணிச் சுடுதலில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவில் பெரிய ஆட்கள் சுடுவது அந்த .32 லாங் தோட்டாதான். தட்டை முனைக் குண்டு, அட்டையில் பஞ்ச் வைத்துக் குத்தியது போல் ஓட்டை விழும். அவர்கள் கையில் இருப்பது அதற்கென்றே செய்த இத்தாலி, ஜெர்மன் பிஸ்டல்கள். நமக்கோ அந்த நல்ல தோட்டா கிடைப்பது மூன்று அங்குல ரிவால்வரில்.

முன்னாள் சுபேதார்:
பத்தாம்வட்டம் தம்பி, ரேஞ்சில் அட்டை உங்களைப் பார்த்துக் கத்தாது. வீட்டுக்குள் தூரம் என்ன? வாசலிலிருந்து கட்டில் வரை நாலு மீட்டர், ஐந்து மீட்டர். அங்கே அட்டையின் நடுவிலுள்ள பத்தாம் வட்டத்தை யார் கேட்டார்கள்?

அந்த ஏசிபி தோட்டாவின் அடிப்பகுதியில் கொஞ்சம் வெளியே நீட்டிய விளிம்பு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். மேகசினில் ஏற்றும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான், மேகசினைக் கழற்றிக் குச்சி வைத்து நோண்ட வேண்டும். என் நண்பர் ஒருவரின் பழைய வெளிநாட்டு .32 பிஸ்டலில் என் கண்ணால் பார்த்தேன். அது ரேஞ்ச் என்பதால் சிரித்தோம்.

பத்தாம்வட்டம்:
தம்பி இல்லை ஐயா, நான் பெண். கல்லூரி நாளிலிருந்து சுடுகிறேன்.

விளிம்பு மாட்டுவது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் ஏற்றும் கையின் தவறு. ஒவ்வொரு தோட்டாவையும் முந்தையதற்கு முன்னால் விளிம்பு வருமாறு வைத்து, பின்பக்கம் முழுதாகத் தள்ளினால் வராது. இரண்டு நாளில் பழகிவிடும்.

முன்னாள் சுபேதார்:
அம்மணி, மன்னிக்கணும். பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துவிட்டேன். ஆனால் “இரண்டு நாளில் பழகிவிடும்” என்று நீங்கள் சொல்வது உங்கள் கைக்கு.

கம்பிவேலி:
இருவருக்கும் வணக்கம். நான் மூன்றாவது கட்சி. இரண்டுமே வேண்டாம்.

கணக்குப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் ஜிஎஸ்டி 28இலிருந்து 40 சதவீதம். பெரிய கார், உல்லாசப் படகு இருக்கும் பட்டியலில் இதுவும் இருக்கிறது. அந்தக் காசுக்குச் சாளையைச் சுற்றிக் கம்பிவேலி, நான்கு மூலையிலும் ஆள் நடமாடினால் எரியும் விளக்கு, கேமரா, உள்தாழ்ப்பாள் போட்ட இரும்புக் கதவு எல்லாம் வரும். துப்பாக்கி வேலை செய்ய ஒருவர் முழித்துக்கொண்டு கையில் எடுக்க வேண்டும். விளக்குக்கு அது தேவையில்லை.

அப்புறம் தேர்தல். அது வந்தால் உரிமத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். என் வீட்டில் இரட்டைக் குழல் ஒன்று இருக்கிறது, அதனால் பேச உரிமை உண்டு. 2024இல் மார்ச் 16ஆம் தேதி தேர்தல் அறிவித்தார்கள், அந்த மாதக் கடைசியில் ஒப்படைத்தேன். வாக்கு எண்ணியது ஜூன் 4. கைக்குத் திரும்பி வந்தபோது ஜூன் இரண்டாவது வாரம். இரண்டரை மாதம் ஊரில் யார் யாரிடம் துப்பாக்கி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், திருடனுக்கும் தெரியும்.

சாளைக்காரன்:
கம்பிவேலி அண்ணா, வேலியும் விளக்கும் போட்டாயிற்று. நாயும் உண்டு, ஒரு ராஜபாளையமும் ஒரு நாட்டு நாயும். ஆனால் வருகிறவன் முதலில் நாய்க்குத்தான் கறித்துண்டில் மருந்து வைக்கிறான். அதனால்தான் கேட்டேன்.

சரி, இருவரும் பலத்தைப் பற்றிப் பேசவே இல்லையே? எது வலுவானது?

பத்தாம்வட்டம்:
அதில் சண்டையே இல்லை. லாங் சுமார் 150 ஜூல், ஏசிபி சுமார் 175. போலீஸ் வைத்திருக்கும் 9 மிமீ 450, 500 வரை போகும். இரண்டுமே அதில் பாதிகூட இல்லை. ஆகவே எத்தனை சுட்டோம் என்பதைவிட எங்கே பட்டது என்பதுதான் கணக்கு. அதனால்தான் ட்ரிகர் ட்ரிகர் என்று கத்துகிறேன்.

ஈரோட்டு வக்கீல்:
குறுக்கே வருகிறேன். நாலு மீட்டரா 25 மீட்டரா என்று பேசுகிறவர்கள் யாரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. உரிமம் யார் பெயரில்?

சாளைக்காரன்:
என் பெயரில்தான்.

ஈரோட்டு வக்கீல்:
வாரத்தில் நான்கு நாள் நீங்கள் கோவையில். அந்த நான்கு ராத்திரியும் அந்தத் துப்பாக்கியை அப்பா எடுக்க முடியாது. ஆயுதச் சட்டத்தில் உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அவர் பெயரில் தனி உரிமம் வேண்டும், அல்லது உங்கள் உரிமத்தில் அவர் ரீடெய்னராக, அதாவது உங்கள் சார்பில் துப்பாக்கியை வைத்திருக்க அனுமதிக்கப்பட்டவராக, சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாமல் அவர் கையில் இருந்தால் உங்கள் மீதும் வழக்கு, அவர் மீதும் வழக்கு. பூட்டிய பீரோவில் வைத்துவிட்டு வந்தால் சட்டப்படி சரி, காவலுக்கு உதவாது.

சுடும் உரிமையையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம். அதன் 41ஆவது பிரிவில் கொள்ளை, இரவில் வீட்டை உடைத்துப் புகுவது போன்றவற்றுக்கு எதிரான தற்காப்பு உயிரைப் பறிக்கும் அளவு வரை போகலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 103. “இரவில்” என்ற சொல்லை மாற்றி, சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் என்று இப்போது தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் 37ஆவது பிரிவும் கூடவே வரும்: தேவைக்கு மேல் தீங்கு கூடாது. தேங்காய் திருடிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது.

“சும்மா வானத்தை நோக்கி ஒன்று விட்டால் ஓடிவிடுவான்” என்று அடுத்து யாராவது எழுதுவீர்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகச் சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்யாண வீடுகளில் கொண்டாட்டத்துக்குத் துப்பாக்கி சுடுவதற்காகக் கொண்டுவந்தது, எல்லோருக்கும் பொருந்தும்.

கம்பிவேலி:
நான் சொன்னால் யார் கேட்டார்கள்.

சாளைக்காரன்:
உண்மையைச் சொன்னால், இதை நான் யோசிக்கவே இல்லை. வீட்டில் ஒன்று இருந்தால் போதும், அவசரத்துக்கு அப்பா எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் பெயரில் விண்ணப்பம் போடலாம். அப்பாவுக்கு 68. விரல் மூட்டு வலி உண்டு, காலையில் டம்ளர் பிடிக்கவே சிரமப்படுவார்.

முன்னாள் சுபேதார்:
அப்படியானால் வாதமே முடிந்தது. மூட்டுவலிக்காரர் அஷானியின் ஸ்லைடை இழுக்க முடியாது. அந்தச் சின்ன பிஸ்டல்களில் ஸ்லைடைப் பிடித்து நிறுத்துவது அதன் எடையும் ஸ்பிரிங்கின் பலமும்தான், அதனால் ஸ்பிரிங் கெட்டியாக இருக்கும். ரிவால்வர் நடுவில் முறியும் வகை. குழலைக் கீழே மடக்கினால் ஆறு காலி உறையும் மொத்தமாக வெளியே வரும், ஆறைப் போட்டு மூடினால் முடிந்தது. ட்ரிகர் கனம் என்றால் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னால் இழுத்துக்கொள்ளலாம், அப்புறம் இழுப்பு லேசுதான்.

பத்தாம்வட்டம்:
ஐயா, இதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுத்தியலை இழுத்து வைத்த ரிவால்வர், நடுங்கும் கை, இருட்டு. வெளியே நின்றது பக்கத்துத் தோட்டத்துப் பையன் என்று தெரிந்தால் அந்தச் சுத்தியலை எப்படி இறக்குவார்? கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே ட்ரிகரை இழுத்து மெதுவாக விட வேண்டும். வழுக்கினால் வெடிக்கும். நானே அதைத் தோட்டா இல்லாமல்தான் செய்து காட்டுவேன். ஸ்லைடு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அவருக்கு அஷானி ஆகாது. அதற்காக ரிவால்வர் ஆகும் என்று அர்த்தமில்லை.

கம்பிவேலி:
2023இல் வந்த பிரபல் ரிவால்வரைப் பார்க்கலாமே, உருளை பக்கவாட்டில் திறக்குமாம்.

முன்னாள் சுபேதார்:
திறப்பது எப்படி என்பதா இப்போது பிரச்சினை?

சாளைக்காரன்:
சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போய் வந்தேன். கடைக்காரர் இரண்டையும் காலி என்று காட்டிக் கையில் கொடுத்தார். பிஸ்டலின் ஸ்லைடு பாதி வரை வந்தது, அதற்கு மேல் அப்பாவால் முடியவில்லை. ரிவால்வரை இரண்டு முறை முழுதாக இழுத்தார். மூன்றாவது முறை ட்ரிகர் நடுவில் நின்றுவிட்டது. கையை உதறிக்கொண்டு, “இதை வாங்கி நான் யாரைச் சுடப் போகிறேன், என் காலையா” என்றார்.

திரும்பும் வழியில் அவரே ஒன்று ஞாபகப்படுத்தினார். தாத்தாவின் ஒற்றைக் குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கி. காட்டுப்பன்றிக்காக உரிமத்தோடு வைத்திருந்தார். இரண்டு வருடம் முன்பு தாத்தா 91 வயதில் போனபோது அதே கடையில் ஒப்படைத்தது, இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அப்பா சின்ன வயதிலிருந்து தோளில் வைத்துப் பழகியது. தோளும் இரண்டு கையும் சேர்ந்து பிடிப்பதால் விரல் வலிக்காது என்கிறார்.

ஈரோட்டு வக்கீல்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! வாரிசு அடிப்படையில் அப்பா பெயரில் விண்ணப்பியுங்கள். 2016 ஆயுத விதிகளில் அதற்குத் தனி விதி உண்டு. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், கடைக்காரர் கொடுத்த வைப்பு ரசீது. அப்பாவுக்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். அதே விதியில் ஒரு வேடிக்கை: உரிமதாரருக்கு 70 வயதானால் துப்பாக்கியை வாரிசுக்கு மாற்றிக்கொள்ளலாம். 68இல் அப்பா வாங்கி, இரண்டு வருடத்தில் உங்களுக்கே தரலாம்.

பத்தாம்வட்டம்:
அப்படியென்றால் .32 இப்போது அவசரமில்லை. ரேஞ்ச் ஆசைக்குக் கோவை ரைபிள் கிளப்பில் ஏர் பிஸ்டலில் ஆரம்பியுங்கள். .177, 20 ஜூலுக்குள் என்றால் உரிமமே தேவையில்லை, குண்டு ஒன்று சில ரூபாய். ஆறு மாதம் கழித்து உங்கள் கையே சொல்லும், ரிவால்வரா பிஸ்டலா என்று. பிஸ்டல்தான் சொல்லும்.

முன்னாள் சுபேதார்:
அம்மணி விட மாட்டார் போலிருக்கிறது. சரி, தம்பி, அந்த ஒற்றைக் குழலை வாங்கும் முன் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். இரண்டு வருடம் எண்ணெய் காணாமல் கிடந்திருந்தால் உள்ளே துரு பிடித்துக் குழி விழுந்திருக்கும். அப்படி இருந்தால் சுடாதீர்கள், முதலில் நல்ல ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) காட்டுங்கள். ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.

சாளைக்காரன்:
திங்கட்கிழமை கடை திறந்ததும் போடுகிறேன் ஐயா.