எல்லாரும் 3-லேயே டிக் அடிக்கிறார்கள், நடுப்புள்ளியை எடுத்துவிடலாமா?

கேட்டவர் (ஆய்வு மாணவி, திருமங்கலம்):
வணக்கம். மல்லி விவசாயிகளுக்குக் கமிஷன் கடையில் எவ்வளவு திருப்தி என்பது என் ஆய்வு. 20 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 (சம்மதமே இல்லை) முதல் 5 (முழுச் சம்மதம்) வரை எண் போடும் லிக்கர்ட் அளவுகோல். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் 40 பேரிடம் முன்சோதனை செய்தேன். பாதிக்கு மேல் 3, அதாவது 'நடுநிலை'. ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண், 1-ஐ நெருங்கினால் நல்லது) வேறு மைனஸில் வருகிறது. கைடு 3-ஐ எடுத்துவிடச் சொல்கிறார். எடுக்கவா?

பதில் 1:
முதலில் ஆல்ஃபா. 'எடையில் ஏமாற்றுகிறார்கள்' போன்ற எதிர்மறைக் கூற்றுகளுக்கு வந்த எண்ணை 6-லிருந்து கழித்து, 5 என்பது 1 ஆகும்படி திருப்பினீர்களா?

கேட்டவர்:
ஐயோ, ஆறு கூற்றுகளைத் திருப்பவே இல்லை அண்ணே! இப்போது 0.71. ஆனால் 3-ஐத் திருப்பினாலும் 3 தானே, அது அப்படியே நிற்கிறது.

பதில் 2:
எங்கே நின்று கேட்டீங்க தங்கச்சி?

கேட்டவர்:
கடை வாசலில்தான் அக்கா. முதலாளி தராசுப் பக்கம் நின்றார். ஒரு பெரியவர், "எல்லாத்துக்கும் நடுவுலயே போட்டுக்க தாயி" என்று சொல்லிவிட்டுச் சாக்கை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பதில் 2:
அப்புறம் என்ன, அவர் வாங்கின முன்பணம் அந்தக் கடையில் இருக்கும். 1 போட மனசு வருமா? நான் கள ஆய்வுக்குப் போன காலத்தில் இதே கதைதான். 3-ஐ எடுத்தால் பயந்தவர் 4 போடுவார், அவ்வளவுதான். உண்மையிலேயே நடுவில் இருப்பவரையும் ஒரு பக்கம் தள்ளிவிடுவீர்கள். 'சொல்லத் தெரியவில்லை' என்று தனிக் கட்டம் வையுங்கள். படிக்கத் தெரியாதவரிடம் ஐந்தையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம். 'சம்மதமா, இல்லையா, ரெண்டுக்கும் நடுவிலா', அப்புறம் 'ரொம்பவா, கொஞ்சமா' என்று இரண்டு படியாகக் கேளுங்கள். எல்லாத்துக்கும் தலையாட்டுகிறவர்களை அந்த எதிர்மறைக் கூற்றுகளே காட்டிக்கொடுக்கும், அவற்றை எடுத்துவிடாதீங்க.

பதில் 1:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஒற்றைக் கூற்றுக்குச் சராசரி 3.2 என்று எழுதாதீர்கள். 1-க்கும் 2-க்கும் உள்ள தூரமும் 4-க்கும் 5-க்கும் உள்ள தூரமும் ஒன்று என்று யார் சொன்னது? இடைநிலை எண்ணும் (பதில்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) சதவீதமும் போதும். 20 கூற்றின் கூட்டுத்தொகைக்குச் சராசரி போடலாம், இந்த அளவுகோலை உருவாக்கிய லிக்கர்ட் 1932-இல் செய்ததே கூட்டல்தான். பத்து நிமிஷத்தில் ஒருவரிடம் கேட்டு முடித்து, 300 பேரை ஒப்பிட இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் ஏன் என்று அதில் தெரியாது. கடைசியில் ஒரு கேள்வியாவது அவர்கள் வாய்ப்பேச்சை அப்படியே எழுத இடம் விடுங்கள்.

கேட்டவர்:
சரி, உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்துக்கே போகிறேன். வெள்ளிக்கிழமை விடிகாலையில் கிளம்பட்டுமா?

பதில் 2:
விடிகாலையில் பூப்பறிப்பு, யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் போங்க.