மறு: இன்ஜின் அப்கிரேடு – ‘மேம்பாடு’ சரிவருமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிள் இன்ஜினில் பவர் கூட்டும் வேலைக்கும், அதற்கு ஆகும் செலவுக்கும் தமிழ்ச் சொல் கேட்டு நம் குழுவில் ஓடும் இழை இது. இதுவரை எந்திர மேம்பாடு, வலுவூட்டல், ஆற்றல் பெருக்கம் என்று மூன்று வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

> கணினித் துறையில் ‘மேம்பாடு’ நிலைத்துவிட்டதே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

மென்பொருளை மேம்படுத்தினால் பழையதைவிட நல்லதாகும் என்றுதான் எதிர்பார்க்கிறோம். இன்ஜினில் ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கும். யமஹா ஆர்எக்ஸ் 100-க்குப் போர்ட்டிங் செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். புகை வெளியேறும் வாயின் மேல்விளிம்பை அராவி உயர்த்துகிறார்கள். அதிகச் சுற்றில் வண்டி பறக்கும். ஆனால் மேட்டில் மெதுவாக ஏறும்போது முன்பிருந்த இழுப்பு இருக்காது, பெட்ரோலும் கூடக் குடிக்கும். தினமும் பால் கேன் கட்டிப் போகிறவருக்கு இது மேம்பாடே இல்லை. ஒரு கலைச்சொல் இப்படி முன்கூட்டியே சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது.

வலுவூட்டல் நல்ல சொல், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. கான்ராடு, கிராங்கு போன்ற இன்ஜின் உள்பாகங்களைக் கூடுதல் சுமை தாங்கும்படி உறுதியாக்குவதற்கு அது வேண்டும். ஆற்றல் பெருக்கம் இயற்பியலில் இடிக்கும். பள்ளிப் பாடநூலிலேயே ஆற்றல் வேறு, திறன் வேறு. குதிரைத்திறன் என்றுதான் சொல்கிறோம்.

என் பரிந்துரை: திறனேற்றம். மின்னேற்றம், குருதியேற்றம் வரிசையில் இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். நல்லதா கெட்டதா என்று சொல்லாது. விலையேற்றமும் காதில் ஒலிக்கும், அதுவும் பொருத்தம்தான்.

> ‘இழுவைக் கூட்டல்’ என்றால் பட்டறையில் இருப்பவருக்கும் புரியுமே ஐயா?

புரியும், அதனாலேயே அதை வேறு இடத்துக்குக் காப்பாற்றி வைக்க வேண்டும். “வண்டி இழுக்கல” என்று மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் முறுக்குவிசையை, அதாவது தண்டைத் திருப்பும் விசையைத்தான். திறன் என்பது முறுக்குவிசையோடு சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. ராயல் என்ஃபீல்டின் இரண்டு இன்ஜின்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2013-இல் வந்த கான்டினென்டல் ஜிடி 535 சிசி, 44 நியூட்டன் மீட்டர், சுமார் 29 குதிரைத்திறன். 2018-இல் வந்த இரட்டைச் சிலிண்டர் 648 சிசி, 52 நியூட்டன் மீட்டர், 47 குதிரைத்திறன். முறுக்குவிசை ஐந்தில் ஒரு பங்குகூட ஏறவில்லை, திறனோ அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருக்கிறது. முன்னது நிமிடத்துக்குச் சுமார் 5,100 சுற்றிலேயே திறனின் உச்சத்தைத் தொட்டுவிடும்; பின்னது 7,000-ஐத் தாண்டித்தான் தொடும். சிலிண்டருக்கு நான்கு வால்வு, அவற்றைத் திறக்கும் கேம் மேலேயே என்று அதன் மூச்சு வேறு. இழுவையும் திறனும் ஒன்றென்று சொல் அமைத்தால் இந்த வேறுபாட்டை விளக்கவே முடியாது.

அடுத்து, யாரும் தொடாத ஒன்று. ரீபோர், பிக் போர் இரண்டையும் ‘துளை பெரிதாக்கல்’ என்று ஒரே பெயரில் எழுதுகிறார்கள். செலவைப் பற்றிப் பேசும்போது இது பெரிய குழப்பம். ரீபோர் என்பது தேய்ந்த சிலிண்டரைச் சீராக்கி, கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது. ஆர்எக்ஸ் 100-இன் துளை (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., வீச்சும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ.; ஒரு மி.மீ. ஓவர்சைஸ் வரை போனாலும் 98 சிசி 102 ஆகும், அவ்வளவுதான். இழந்த திறன் திரும்பக் கிடைக்கிறது, புதிதாக ஏறுவது சொற்பம். பிக் போர் அப்படியில்லை. தயாரித்தவர் வைத்த அளவையே மாற்றுவது.

இரண்டுக்கும் நம்மிடம் இருக்கும் ‘கடைசல்’ போதும். ரீபோரை மறுகடைசல் என்றும், பிக் போரை அகல்கடைசல் என்றும் சொல்லலாம். கடைசல் என்றால் லேத்து மட்டும்தானே என்று ஒருவர் கேட்கக்கூடும். லேத்தில் பொருள் சுழலும், போரிங் எந்திரத்தில் உளி சுழலும். இரண்டிலும் நடப்பது கடைவதுதான்.

> செலவுக்குத் தனிச்சொல் எதற்கு? ‘செலவு’ போதாதா?

போதாது. காரணம் சொல்கிறேன். பழைய புல்லட் வரிசையில் வீச்சு 90 மி.மீ. என்று வைத்துக்கொண்டு துளையை மட்டும் மாற்றிய கதை தெரிந்ததே: 70 மி.மீ. என்றால் 346 சிசி, 84 என்றால் 499, 87 என்றால் 535. 499-இலிருந்து 535-க்குக் கொள்ளளவு ஏறியது ஏழு விழுக்காடு. திறனும் 27.2-இலிருந்து 29.1, கிட்டத்தட்ட அதே ஏழு. அதாவது துளையை அகலமாக்குவதால் மட்டும் கிடைப்பது இரண்டு குதிரைத்திறன்கூட இல்லை. பிஸ்டன் செட்டு, கடைசல் கூலி, கேஸ்கெட் என்று ரசீதில் வரும் தொகையை இந்த இரண்டால் வகுத்துப் பார்த்தால்தான் வலி தெரியும். இந்த வகுத்த தொகையை திறனலகுச் செலவு என்று அழைக்கலாம்.

அப்புறம் ரசீதில் வராதவை. அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை நெருக்கப்படும் அளவு) ஏறினால் சாதாரணப் பெட்ரோலில் இன்ஜின் தட்டத் தொடங்கலாம், விலை கூடிய பெட்ரோலுக்குப் போக வேண்டும். காபுரேட்டர் என்றால் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை மாற்ற வேண்டும், எஃப்ஐ (மின்னணு முறையில் பெட்ரோல் பீய்ச்சும்) வண்டி என்றால் அதன் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசியூவை ரீமேப் செய்ய, அதாவது அதன் அட்டவணையை மாற்ற வேண்டும். கிளட்ச் வழுக்கும், செயின் செட்டு சீக்கிரம் தேயும், வேகத்துக்கு ஏற்ற பிரேக்கும் டயரும் கேட்கும். ஒன்றைத் தொட்டதால் அடுத்தது வருகிற இந்த வரிசைக்குத் தொடர்செலவு என்று பெயர் வைத்தால், பட்டறையில் மதிப்பீடு கேட்கும்போதே “தொடர்செலவு எவ்வளவு?” என்று கேட்கலாம். நம்மூரில் யாரும் கேட்பதில்லை. பிஸ்டன் விலையை மட்டும் கேட்டுவிட்டு வண்டியை விட்டுவிட்டு வருகிறார்கள்.

இதில் சட்டச் செலவும் அடங்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. சிசி ஆர்சியிலேயே இருக்கிறது. 2019 திருத்தத்தின் 182ஏ பிரிவு, இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் இதைக் காட்டியே தகராறு செய்யலாம். மறுகடைசலுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டியலில் சேர்க்க என் தரப்பில் இருப்பவை: திறனேற்றம், மறுகடைசல், அகல்கடைசல், திறனலகுச் செலவு, தொடர்செலவு. ‘திறனலகுச் செலவு’ நாக்கில் கொஞ்சம் முரடாகத்தான் இருக்கிறது. இதைவிடச் சுருக்கமாக வந்தால் விட்டுக்கொடுக்கத் தயார். அகல்கடைசலை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரீமேப்புக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘மறுநிரலாக்கம்’ பொருந்தாது. அங்கே நிரல் அப்படியே இருக்கும். எந்தச் சுற்றுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்கிற அட்டவணைதான் மாறுகிறது. எஃப்ஐ வண்டியில் வேலை பார்க்கும் அன்பர்கள் யாராவது இழையில் இருந்தால், பட்டறையில் இதை எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.