ஷிட்சூ நாய்க்கு வெயில் காலத்தில் முடியை ஒட்ட வழித்துவிடலாமா?

பாளை வாசகி:
எங்கள் வீட்டில் ஷிட்சூ ஆண் குட்டி இருக்கிறான். வெள்ளையும் பழுப்பும் கலந்தவன், ஒரு வயது ஆகப்போகிறது. இதுவரை வழவழவென்று இருந்த முடி இப்போது காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும் கட்டி கட்டியாகச் சிக்கு விழுகிறது. தினமும் பிரஷ் போடுகிறேன். மேலே பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது, விரலை உள்ளே விட்டால் அடியில் கெட்டியாகத் தட்டுப்படுகிறது. கண்ணோரம் செம்பழுப்புக் கறை வேறு. அக்னி நட்சத்திரம் வரப்போகிறது, மொத்தமாக வழித்துவிட்டால் பிள்ளைக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்கிறார்கள் அம்மா. செய்யலாமா?

பேட்டைக்காரன்:
வழித்துவிடுங்கள் தங்கச்சி. எங்கள் வீட்டில் சிப்பிப்பாறை நாட்டு நாய். உடம்பில் ஒட்டிய முடிதான், ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் வேலை முடிந்தது. அதுவே மத்தியானத்தில் தண்ணீர்த் தொட்டியடியை விட்டு எழுந்திருக்காது. இவ்வளவு முடியை வைத்துக்கொண்டு அந்தக் குட்டி என்ன பாடுபடும்!

கேடிசி நகர் அக்கா:
அண்ணாச்சி அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் தோல் தெரிய வழிக்க வேண்டாம் தாயி. முடிக்கு அடியில் இருக்கும் தோல் வெயிலையே பார்க்காதது. நம்மூர் வெயில் நேராகப் பட்டால் வெந்துபோகும். ஒரு அங்குலம் விட்டுச் சீராக வெட்டச் சொல்லுங்கள். நாய்க்கு முடி வெட்டும் கடையில் ‘பப்பி கட்’ என்றால் தெரியும். அடிவயிற்றையும் உள்ளங்கால் பஞ்சுக்கு நடுவில் இருக்கும் முடியையும் மட்டும் இன்னும் குட்டையாக எடுக்கலாம்.

இந்த ஜாதிக்குச் சூடு தாங்காததற்கு முடியை விட மூக்குதான் பெரிய காரணம். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியே தள்ளும். ஷிட்சூவுக்கு முகம் தட்டை, மூச்சுப் போகும் வழி குறுகல். அதனால் முடியை எவ்வளவு எடுத்தாலும் வெயிலில் நடத்தக்கூடாது. விடியற்காலையிலும், பொழுது சாய்ந்து தரை ஆறிய பிறகும்தான் நடை. இரைப்பு அடங்காமல் தள்ளாடினால் உடம்பைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்து, மின்விசிறிக் காற்றில் வைத்து, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சிக்கு விழுவது வயசுக் கோளாறு. ஒரு வயதை ஒட்டிக் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும். உதிர்வது கீழே விழாமல் புது முடியிலேயே மாட்டிக்கொள்ளும். மேலாகப் பிரஷ் போட்டால் அது தெரியாது. எங்கள் வீட்டு நாயை நான் மடியில் மல்லாத்திப் போட்டுக்கொள்வேன். ஒரு கையால் முடியை மேலே ஒதுக்கினால் தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முடியை இறக்கி, ஸ்டீல் சீப்பு தோலைத் தொட்டு நுனி வரைக்கும் தடையில்லாமல் வருகிறதா என்று பார்ப்பேன். நின்றால் அங்கே சிக்கு. காதுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய முடி நனைந்து காய்ந்த கம்பளித் துணி மாதிரி இறுகியிருக்கும். அதை இழுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். சோளமாவு (கார்ன்ஃப்ளவர்) கொஞ்சம் தூவி, அடியை விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து பிரித்து வாருங்கள். பிரியாவிட்டால் தோலுக்கும் சிக்குக்கும் நடுவே சீப்பைக் கொடுத்து, சீப்புக்கு மேலே மட்டும் கத்தரியுங்கள்.

இதையெல்லாம் குளிப்பாட்டும் முன்னாலேயே முடிக்க வேண்டும். தண்ணீர் பட்டால் சிக்கு இன்னும் இறுகும். நாய் ஷாம்புதான் போட வேண்டும், நம் தலைக்குப் போடுவது வேண்டாம். தேங்காயெண்ணெயும் வேண்டாம், ஆனி ஆடிக் காற்றில் பறக்கிற புழுதி முழுக்க அதில்தான் ஒட்டும். குளித்ததும் அடிவரை காய வைத்துவிடுங்கள். நடந்துவிட்டு வந்தால் நாயுருவி, ஒட்டுப்புல், உண்ணி மூன்றையும் தேடுங்கள். உண்ணி ஒளிவது காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும்தான்.

பாளை வாசகி:
ரொம்ப நன்றி அக்கா. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஒரு அங்குலமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். கண் கறைக்கு என்ன செய்வது? இவன் ஷிட்சூதானா, இல்லை லாசா ஆப்சோ ஜாதி நாயா என்றும் ஒருவர் கேட்டார்.

கேடிசி நகர் அக்கா:
இரண்டுக்கும் பூர்வீகம் திபெத்துதான். முகம் உருண்டை, கண் பெரிது, மூக்குக்கு மேலே முடி நாலா பக்கமும் செவ்வந்திப் பூவாக விரிந்தால் ஷிட்சூ. லாசாவுக்கு மூஞ்சி கொஞ்சம் நீளம், கண் சின்னது.

கறை கண்ணீர் ஊறுவதால் வருவது. காய்ச்சி ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துக் காலையும் ராத்திரியும் ஒற்றி, ஈரமில்லாமல் துடையுங்கள். கண்ணுக்குள் குத்துகிற முடியை உச்சியில் தளர்வாகக் கட்டுங்கள், இல்லையென்றால் கடையில் கொடுத்து வெட்டுங்கள். ஒரு கண்ணை மட்டும் இடுக்கிக்கொண்டிருந்தாலோ, காலால் பிறாண்டினாலோ, அன்றைக்கே காட்ட வேண்டும். துருத்திய கண், கருவிழியில் சீக்கிரம் புண் வரும். வீட்டில் இருக்கிற சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள். திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.