நாடாளுமன்றப் படையை உண்மையில் வழிநடத்தியவர் யார்?

கும்பகோணம் வாசகர்:
இங்குள்ள கல்லூரியில் 1642இல் தொடங்கிய இங்கிலாந்து உள்நாட்டுப் போரைப் பாடமாக நடத்துகிறேன். ஒரு பக்கம் மன்னர் முதலாம் சார்லஸ் ஒருவரே தலைவர். நாடாளுமன்றத் தரப்பிலோ பிம், எசெக்ஸ் பிரபு, ஃபேர்ஃபாக்ஸ், கிராம்வெல் என்று பல பெயர்கள் வருகின்றன. முடிவெடுத்தவர் யார் என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

மன்னார்குடி ஆசிரியர்:
மேட்டூரில் மதகைத் திறப்பவர் ஒருவர், கடைமடையில் முறை வைத்துப் பங்கிடுபவர் வேறொருவர் என்பது நமக்குப் பழகியதுதானே ஐயா, அங்கும் அப்படித்தான். நாடாளுமன்றத்தை முன்னின்று நடத்திய ஜான் பிம் களத்தில் வாளெடுத்தவர் அல்லர். ஆயினும் 1643இல் கலால் வரியைக் கொண்டுவந்து படைக்குப் பணம் திரட்டியதிலும், ஸ்காட்லாந்துடன் உடன்படிக்கை கண்டதிலும் அவர் பங்கே பெரிது. அந்த டிசம்பரில் அவர் இறந்தார். தலைமைத் தளபதி எசெக்ஸோ, 1644இல் கார்ன்வாலில் மன்னர் படையிடம் சிக்கி, காலாட்படையைச் சரணடைய விட்டுவிட்டு மீன்பிடிப் படகில் தப்பினார். மன்னரை முழுதாக வீழ்த்தத் தயங்கிய மற்றொரு நாடாளுமன்றத் தளபதி மான்செஸ்டர் பிரபுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

மயிலாடுதுறை வழக்கறிஞர்:
1645 ஏப்ரல் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களும் படைப் பதவிகளைத் துறக்க வேண்டும் என்று அது விதித்ததால் பிரபுக்கள் விலகினர்; உறுப்பினரல்லாத ஃபேர்ஃபாக்ஸ் நாடாளுமன்றம் அவ்வாண்டு அமைத்த புதிய படையின் தளபதியாக நீடித்தார். உறுப்பினரான கிராம்வெல்லுக்குத் தற்காலிக விலக்கு கிடைத்தது. ஜூன் 14 அன்று நேஸ்பியில் அவர் குதிரைப்படையை நடத்த, மன்னரின் முதன்மைப் படை சிதறியது.

கும்பகோணம் வாசகர்:
அந்த விலக்கைக் கேட்டவர் யார்?

மயிலாடுதுறை வழக்கறிஞர்:
ஃபேர்ஃபாக்ஸும் அவருடைய அதிகாரிகளுமே கேட்டனர். நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் அவை ஒப்புக்கொண்டது.