லயத்து வீடு, கனடா மகன்: நாடகப் பிரதியில் சந்தேகம்

கேள்வி: இலங்கை மலையகத்தில், அட்டனில் மேடையேறும் புது நாடகம். அப்பா உயில் எழுதாமல் சாகிறார். கனடாவில் குடியேறிய மூத்தவன் வந்து லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) பங்கு கேட்கிறான். அம்மா, தம்பி, தங்கச்சி அங்கேயே இருக்கிறார்கள். "தேசவழமைப்படி எனக்கும் உண்டு" என்ற வசனம் சரியா? செட் எப்படிப் போடலாம்?

பதில் 1: வசனத்தை வெட்டுங்க. தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழக்காற்றுச் சட்டம், மலையகத்தாருக்குப் பொதுச் சட்டம்தான். உயில் இல்லாவிட்டால் அம்மாவுக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மூன்று பேர் என்றால் ஆளுக்கு ஆறில் ஒன்று. அதைவிடப் பெரிய ஓட்டை, லயக் காம்பரா தோட்டத்துச் சொத்து, உறுதியே (சொத்துப் பத்திரமே) கிடையாது. பிரிக்க என்ன இருக்கு? சண்டையை உறுதி கிடைத்த 7 பேர்ச் (பேர்ச் என்பது நில அளவு) காணியில் உள்ள தனி வீட்டுக்கு மாத்துங்க.

பதில் 2: லயமே வேணும்னா 10க்கு 12 அடி, தரையில் டேப் ஒட்டி ஒத்திகை பாருங்க. அஞ்சு பேர் நின்றாலே முட்டும், அந்த நெருக்கடிதான் நாடகம். இஸ்தோப்பை (வாசல் திண்ணையை) முன்னால் வைங்க. கூரை முழுக்கத் தகரம் போட்டால் மேல்வெளிச்சம் மறையும். முன்விளிம்பில் 2 அடி போதும். மழைச் சத்தத்தை வசனத்துக்கு முன்னமே தணிச்சிடுங்க, இல்லாட்டி கடைசி வரிசைக்கு ஒண்ணும் கேட்காது.

கேள்வி கேட்டவர்: அப்போ 7 பேர்ச்தான். லயம் முதல் காட்சிக்கு மட்டும்.