சிவந்த கொடியில் வெள்ளைத் திராட்சை

எனக்குச் சொந்த ஊர் கம்பம். பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழேதான் வளர்ந்தேன். ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்க வந்த இரண்டாம் வருடம், செப்டம்பர் கடைசியில், வகுப்புத் தோழன் ஒருவன் நாட்டின் கிழக்கே கக்கேத்திப் பகுதியில் இருக்கும் தன் பாட்டி வீட்டுக்குத் திராட்சை வெட்ட அழைத்துப் போனான்.

தோட்டம் முழுக்க ர்கட்சிதெலி. அந்த மண்ணின் சொந்த வெள்ளைத் திராட்சை. பெயருக்குச் ‘சிவந்த கொடி’ என்று பொருளாம். பழம் வெளிர் மஞ்சள், தண்டு நிஜமாகவே செம்பழுப்பு. பந்தல் கிடையாது, வரிசையாகக் கம்பி கட்டிப் படர விட்டிருந்தார்கள். தூண்களில் நீலம் படிந்திருந்ததைப் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் அதே மயில்துத்தமும் சுண்ணாம்பும்தான்!

எங்கள் பக்கம் வருடம் முழுக்க எங்காவது வெட்டு நடக்கும். இங்கே வருடத்துக்கு ஒரே வெட்டு. அதையும் ஆலங்கட்டி மழை பத்து நிமிடத்தில் அடித்துவிட்டுப் போய்விடும் என்று பாட்டி வானத்தைக் காட்டினார்.

வெட்டுவதற்கு முன் ஒரு பழத்தைப் பிதுக்கி, விதையைக் கடித்துப் பார்த்தார். விதை பழுப்பாகி நொறுங்க வேண்டும். அப்புறம் காம்பை ஒடித்துப் பார்த்தார். ஒயின் செய்யும் கக்கேத்தி முறையில் சாறோடு தோல், விதை, காம்பு எல்லாமே தாழிக்குள் போகும். காம்பு பச்சையாக இருந்தால் ஒயின் கசந்துவிடும். பழத்தின் இனிப்பை மட்டுமே பார்க்கத் தெரிந்த எனக்கு அது பெரிய பாடம்.

*

இதைப் படித்த இன்னொருவரின் பதில்: நீங்கள் போனது அறுவடைக்கு. நான் போனது வசந்தத்தில், அதே ர்கட்சிதெலியைத் தாழி திறந்து எடுக்கும்போது. க்வெவ்ரி என்பார்கள். கழுத்து வரை மண்ணில் புதைத்த, உள்ளே தேன்மெழுகு பூசிய முட்டை வடிவத் தாழி. இந்த முறையை 2013-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்ததை நான் போன வீட்டின் உரிமையாளர் இரண்டு தடவை சொன்னார். சொல்ல வேண்டியதுதான்.

மூடியைச் சுற்றியிருந்த களிமண்ணைச் சுரண்டி எடுத்து, கல்லை நகர்த்தினார். ஆறு மாதம் தோலோடு கிடந்த ஒயின் நல்ல தேன் நிறத்தில் இருந்தது. முதல் வாயில் வாழைப்பூத் துவர்ப்பு, பின்னாலேயே புளிப்பு. எவ்வளவு பழுத்தாலும் புளிப்பை விடாத ரகம் இது. அடியில் கிடந்த தோலையும் காம்பையும் கொட்டவில்லை. சாராயம் காய்ச்ச வாளிவாளியாக அள்ளிக்கொண்டு போனார்கள்.